அக்காவின் லைசென்ஸ்

ரவுண்டானாவுக்கு முன்னால் அசையாமல் நின்ற ஒரு வெள்ளைக் காரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை. பின்னால் வரிசையாக வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான், யாரோ பாவம் என்று எட்டிப் பார்த்தேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது எங்கள் அக்கா. உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் கேட்டபோது, "சாமியெல்லாம் இல்லத்தா. பக்கத்துல இருந்த அந்தம்மாகிட்ட, எல்லாரும் போயிறட்டும், பெறகு நாம போவோம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள். துபாயில் எல்லாரும் போய் முடிவது என்பது நடக்கிற காரியமில்லை. அன்றைக்கு அந்த ரவுண்டானாவை அவள் எப்படிக் கடந்தாள் என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் என் பஸ் திரும்பிவிட்டது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் தம்பி இருவரும் கன்னிவாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். நான் திண்டுக்கல் டவுனிலேயே பிறந்து வளர்ந்து, பி.காம் முடித்தவள். அக்கா குஜிலியம்பாறைப் பக்கம், வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கல்யாணமாகி, மறுவருஷமே துபாய்க்கு விமானம் ஏறியவள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் பழைய ஆளாகியிருந்தாள். இரண்டு குடும்பமும் ஒரே பிளாட்டில், ஆளுக்கொரு படுக்கையறை, நடுவில் பொதுவாக ஒரு ஹால், ஒரு சமையலறை. இப்படிச் சேர்ந்திருந்தால் மூன்றாம் மாதமே முட்டிக்கொள்ளும் என்று திண்டுக்கல்லில் என் சொந்தங்கள் ஆரூடம் சொன்னார்கள். எங்களுக்குள் சண்டை வரத்தான் செய்தது. வாஷிங் மெஷினுக்கும், ஏசியை எந்த அளவில் வைப்பது என்பதற்கும் வந்தது. ஆனால் அக்காவிடம் ஒரு குணம். கோபத்தை அவள் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போக மாட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "ஏத்தா, வெஞ்சனம் ஆறுது, வா" என்று கூப்பிட்டுவிடுவாள்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஊரில் இருப்பவர்கள் நினைப்பது ஒன்று, அங்கே நாள் நகர்வது வேறு. பால்கனி உண்டு, அதில் துணி காயப்போடக் கூடாது. கருவாடு வறுத்தால் எதிர்வீட்டுக்காரர்கள் வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லுவார்கள். கோடையில் கட்டடத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி பனி மூடி ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்டால், அந்த இடம் போய்விடுமே என்று பயந்து சனிக்கிழமை எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறோம். அரபி தெரியவில்லை என்று யாரும் எங்களைக் குறை சொன்னதில்லை. இந்தி தெரியாதா என்று மளிகைக் கடையிலிருந்து லிஃப்ட் வரைக்கும் கேட்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் சின்னச் சின்னச் சந்தோஷங்கள் எங்கிருந்தோ வந்து விழும். கட்டடத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன முருங்கை மரம் ஒன்று நின்றது. வாட்ச்மேனிடம் கேட்டு அக்கா கீரை ஒடித்து வருவாள். அன்றைக்கு வீடே திருவிழா மாதிரி இருக்கும். வருஷத்தில் எப்போதாவது மழை பெய்தால் கட்டடம் முழுக்க பால்கனிக்கு வந்து நிற்கும். பேசியே இராத எதிர்வீட்டுக்காரர்கள் கூட அப்போது எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அக்காவுக்கு வண்டி ஓட்டும் ஆசை எப்போது வந்தது என்று தெரியாது. பெரியத்தானுக்கு (என் கணவரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வேலையே வண்டி ஓட்டுவதுதான். பாலும் தயிரும் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற வேன். அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. போதாததற்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய பழைய கார் ஒன்றும் கீழே நின்றது. அதனால் அக்கா லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்றதும் அவர், "நான் ஒருத்தன் இருக்கறப்ப உனக்கு எதுக்கு புள்ள?" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "நீங்க இருக்கீக, சரி. காலையில போனா சாயந்தரம் வாரீக. அதுவரைக்கும் நான் நடந்து போற தூரந்தான் எனக்கு ஊரு. அதுக்கு அங்கிட்டு இருக்கறதெல்லாம் அடுத்தவுக ஊரு. இம்புட்டு வருஷமா ஒரு தெருவுக்குள்ளயே இருக்கேன். இதுக்கு குஜிலியம்பாறையிலயே இருந்திருக்கலாமே" என்றாள். அந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் தமிழ் எழுத்து. காதில் மாட்டினால் தமிழ்க் குரல். எங்கோ ஓர் அயல்தேசத்து அலுவலகத்தில் தனக்காகத் தமிழை வைத்திருக்கிறார்களே என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆனா அது எந்த ஊருத் தமிழுன்னுதான் தெரியல. முன்னுரிமை உள்ள வாகனத்திற்கு வழிவிட்டு இணைதல் வேண்டும்கறான். நம்ம ஊருல எவன் இணையுறான்?" அதில் ஒரே தடவையில் தேறினாள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். கற்றுக்கொடுக்க வந்தது உருது பேசும் ஹைதராபாத் அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு உருது தெரியாது. அந்த அம்மா "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்பார். மெதுவாகப் போ என்று அர்த்தம். அக்கா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, "செத்த இருங்க, செத்த இருங்க" என்பாள். சில வாரங்களில் மொழி இடம் மாறிவிட்டது. அக்கா சமையலறையில் பாலைப் பொங்கவிட்டால் தனக்குத்தானே ஆஹிஸ்தா சொல்லிக்கொண்டாள். அந்த அம்மா வேறு மாணவிகளிடமும் செத்த இரு என்று சொல்வதாகக் கேள்விப்பட்டோம்.

சாலைத் தேர்வு எத்தனை தடவை என்பதை அக்காவே எண்ணாமல் விட்டுவிட்டாள். அங்கே நாலைந்து பெண்களை ஒரே காரில் ஏற்றிப்போவார்கள். ஒருத்தி ஓட்ட, மற்றவர்கள் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சீருடை போட்ட அதிகாரியம்மா முகத்தில் எதுவும் காட்டாமல் பக்கத்தில் இருப்பார். ஒரு தடவை தயங்கி நின்றதற்காகப் போனது. அடுத்த தடவை, தயங்கக் கூடாது என்று நினைத்தே போனதற்காகப் போனது. கண்ணாடி பார்க்கவில்லை என்று ஒரு முறை. எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற தோல்வி ஒன்று உண்டு. அன்று எல்லாம் சரியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். குறுக்கே ஒரு சைக்கிள் வந்ததும் பிரேக்கை மிதித்திருக்கிறாள். மிதித்த அதே நொடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா முன்னால் போய் மோதிவிடக் கூடாதே என்று வலது கையை நீட்டி அவர் நெஞ்சைத் தாங்கிப் பிடித்துவிட்டாள், குழந்தையைப் பிடிப்பது போல. அதிகாரியம்மா சிரித்துவிட்டாராம். சிரித்தபடியே, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்ததற்காகத் தோல்வி என்று எழுதிக்கொண்டாராம். "நல்ல மனுசி. போறப்ப தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போனாக" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. என்றாலும் மறுநாளே அடுத்த தேதிக்குப் பதிந்துவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். தோற்றால் அழுவாள், மறைக்க மாட்டாள். அழுதுகொண்டே அடுத்த வேலையைப் பார்ப்பாள். கடைசியில் ஒரு தேர்வு நாளில், நான் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, மூச்சிரைக்கிற சத்தம் மட்டும். நான் பயந்து என்னக்கா என்னக்கா என்று கேட்க, "போயிட்டேன்த்தா, எல்லாத்தையும் தாண்டிப் போயிட்டேன்" என்றாள்.

அந்த வார விடுமுறையில் அவள் என்னையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினாள். ஆண்கள் வேண்டாம் என்பது அவள் போட்ட நிபந்தனை. போகிற வழியில் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டோம். அந்த ஊரில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அடுத்த திருப்பம் எங்கேயோ இருக்கும். பாலம் ஏறினோம், சுரங்கப் பாதையில் இறங்கினோம், கடைசியில் அடுத்த நகரமான ஷார்ஜாவில் போய் நின்றோம். வீட்டுக்குப் போன் போட்டு வழி கேட்கலாம் என்றேன் நான். அவளோ, "ரோடுதானே, எங்கயாச்சும் போய்ச் சேராமயா போயிரும்?" என்று சொல்லிவிட்டு ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாள். அங்கே ஹாரன் அடித்தால் டீ காருக்கே வரும். அத்தனை வருஷமும் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த காரியம் அது. கதவுக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி டீயை வாங்கியபோது அவள் முகத்தில் இருந்த கம்பீரத்தை நான் வேறு எந்தப் பெண்ணிடமும் பார்த்ததில்லை. கடற்கரைக்கு நாங்கள் அன்று போகவே இல்லை. யாரும் அதற்கு வருத்தப்படவும் இல்லை.

பெரியத்தானின் கண் அந்த வருஷக் கடைசியில்தான் மங்க ஆரம்பித்தது. சர்க்கரை அவருக்கு முன்பே இருந்தது. இனிப்பை விடாத மனிதர். முதலில் வேனைத் தூணில் உரசிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு நாள் எதிர்த் தெருக் கடையின் பெயரை மகளிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். டாக்டர் உள்விழியில் ரத்தம் கசிகிறது, இனி இவர் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் அங்கே வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. வீட்டுக்காரரின் விசாவில்தான் மொத்தக் குடும்பமும் தங்கியிருக்கும். அவருடையது முடிந்தால் மனைவி பிள்ளைகளும் கிளம்ப வேண்டும். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பாதி வருஷத்தில் இருந்தாள். அங்கே பிறந்து, அங்கேயே படித்த பெண். நடு வருஷத்தில் பாடத்திட்டம் மாறி ஊரில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் நால்வருக்கும் தெரியும். என் கணவர் அண்ணன் குடும்பத்தைத் தன் விசாவில் சேர்க்க முடியுமா என்று கேட்டலைந்தார். முடியாது என்றே எல்லாரும் சொன்னார்கள்.

என் பையன் போன மழலையர் பள்ளியை ஒரு மலையாளி அம்மா நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து கொண்டுபோய் விட நம்பகமான பெண் டிரைவர் வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். என் பையனைத் தினமும் கொண்டுபோய் விட்டு வந்த அக்காவுக்கு அது தெரியும். எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் காலையில் நேராக அவர் அறைக்குள் போயிருக்கிறாள். அந்த அம்மாவே பிறகு எனக்குச் சொன்னார். அக்கா உட்காரக்கூட இல்லையாம். "டீச்சரம்மா, உங்களுக்கு வண்டி ஓட்ட ஆளு வேணும். எனக்கு விசா வேணும். எம் மகளும் எங்கூட இருக்கணும். இந்தக் கையால ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாளாம். அந்த அம்மா அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டாராம், கையை நன்றாகவே புரிந்துகொண்டாராம். பள்ளி வேனுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். மறுபடி வகுப்பு, மறுபடி தேர்வு. இந்த முறை அக்கா தயங்கவும் இல்லை, யார் நெஞ்சையும் பிடிக்கவும் இல்லை. அலுவலகம் அலுவலகமாக அந்த அம்மாவும் கூடவே நடந்து, அக்காவுக்கு வேலை விசாவும் மகளுக்கு அம்மாவின் பேரில் விசாவும் வாங்கிக் கொடுத்தார். பெரியத்தான் ஊருக்குப் போய் வைத்தியம் பார்ப்பதும், வருகை விசாவில் வந்து சில வாரங்கள் இருப்பதுமாக அந்த வருஷம் ஓடியது.

அப்படி வந்திருந்த ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பெரியத்தான் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா வேலை முடிந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். "உன்ன இப்படி வண்டி ஓட்ட வச்சுட்டேனே புள்ள. ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாக" என்றார் அவர். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "இந்தாங்க, ஒண்ணு வெளங்கிக்கங்க. நீங்க முடியாமப் போயிட்டீகன்னு நான் ஓட்டல. எனக்கு ஓட்டப் புடிச்சிருக்கு. காலையில அந்தப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு பாலத்து மேல ஏறுறப்ப கடலு தெரியும். அம்புட்டு அழகா இருக்கும். அதுக்காகவே ஓட்டுறேன். உங்களுக்காக வருத்தப்படுறது வேற, அத நான் தனியா படுறேன். ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீக. இப்பச் சாப்பிடுங்க" என்றாள். அவர் குழம்பை இழுத்து ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மகள் நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்தாள். அந்த விடுமுறையோடு அக்கா வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். அவள் கிளம்பிய நாளில் அந்த மழலையர் பள்ளியின் வாசலில் பெற்றோர் கூட்டம் நின்றது. அரபு நாட்டுக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், நம்மவர்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அக்காவை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார்கள். ஹைதராபாத் அம்மாவும் வந்திருந்தார். இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் இன்னும் துபாயில்தான் இருக்கிறேன். இந்த வருஷ லீவில் திண்டுக்கல் வந்தபோது அக்கா வீட்டில்தான் அதிகம் இருந்தேன். ஊருக்குப் போனால் போதும் என்று அங்கே புலம்பிக்கொண்டிருந்தவள், இங்கே வந்த பிறகு அந்த ஊரையே விசாரித்துக்கொண்டிருந்தாள். முருங்கை மரம் இருக்கிறதா, வாட்ச்மேனுக்குக் கால்வலி தேவலையா, பாலத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் முடிந்ததா என்று கேட்டாள். "அங்க இருக்கறப்ப இது ஊரு. இங்க வந்தா அது ஊரா இருக்கு. நமக்குத்தான் எங்கிட்டு இருந்தாலும் பாதி ஆளு அங்கிட்டு நிக்குதே" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய் சோற்றை வடித்தாள். திண்டுக்கல்லில் அவள் கார் ஓட்டுவதை இன்னும் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். கோட்டைத் தாண்டாமல் சிக்னலில் நிற்கும் ஒரே வண்டி அவளுடையதாக இருக்கும். பின்னால் வருகிறவர்கள் திட்டுவதும் உண்டு. அவள் கண்டுகொள்வதில்லை.

அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குஜிலியம்பாறைக்குக் கிளம்பினோம். அக்கா ஓட்ட, பக்கத்தில் பெரியத்தான், பின்னால் நான். அவருக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. ஊரைத் தாண்டியதும் அக்கா பேச ஆரம்பித்தாள். சும்மா பேசிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து நான் முதலில் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் காதில் விழுந்தது. "சோளம் முழங்கால் அளவு வந்துருக்கு. ஆனா எல பூராம் வாடித்தான் கெடக்கு. அங்கிட்டு ஒரு வீடு புதுசாக் கட்டியிருக்காக, பச்சப் பெயிண்ட்டு, கண்ணு கூசுது. மில்லு பஸ்சு எதிர்ல வருது, நைட்டு வேல முடிஞ்ச பிள்ளைக எல்லாம் தூங்கிக்கிட்டே போகுதுக." அவர் மடியில் கை வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். நடுநடுவே கேள்வி கேட்டார். அந்த வேப்ப மரம் இருக்கா, கெணத்துல தண்ணி தெரியுதா என்று. இருக்கு, தெரியல என்று அவள் பதில் சொன்னாள். இல்லாததை இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் அந்த ரோட்டையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னதில் பாதி என் கண்ணில் படவில்லை.

ஓர் இடத்தில் ஆடுகள் ரோட்டைக் கடந்தன. அக்கா வண்டியை நிறுத்தினாள். "ஆடா?" என்றார் அவர், சத்தத்தைக் கேட்டு. "ஆமா. பெரிய மந்தை. எல்லாம் வெள்ளாடு. கறுப்பு ரொம்ப, செவல கொஞ்சம். ஒரு குட்டி மட்டும் நடுரோட்டுல நின்னுக்கிட்டு நம்ம வண்டியவே பாக்குது, போக மாட்டேங்குது" என்றாள். பெரியத்தான் சிரித்தார். குட்டி போய், ரோடு காலியானதும் அவள் கியரை மாற்றினாள். அவர் அவள் பக்கம் திரும்பாமலேயே, ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்தபடி சொன்னார்.

"செத்த மெதுவாப் போ புள்ள. பாத்துக்கிட்டே போவோம்."